மெஸ்ஸியே 83 – என்ஜிசி 1365: எதை முதலில் பார்ப்பது?

மெஸ்ஸியே, என்ஜிசி என்பவை விண்பொருள் பட்டியல்கள்; எண்கள் அவற்றின் வரிசை எண்கள். இரண்டுமே தென்வானத்துப் பட்டைச் சுருள் விண்மீன் மண்டலங்கள்தான். ஆனால் நடுவில் விண்மீன்கள் கோடாகக் குவிந்து ஓடும் அந்தப் பட்டையை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால், என் ஓட்டு ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுவில் உள்ள 1365-க்கு. நீண்டு நேராகக் கிடக்கும் பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு கை வளைந்து கிளம்பும். குறுக்களவு ஏறத்தாழ 2 லட்சம் ஒளியாண்டு, நம் பால்வீதியையே மிஞ்சும். பட்டை வழியாக வாயு உள்ளே வழிந்து மையத்தில் புது விண்மீன்களை உருவாக்குகிறது. ஒரு பகுதி அங்கிருக்கும் கருந்துளைக்கு இரையாகிறது. 2012-இல் இங்கே ஒரு சூப்பர்நோவாவும் (விண்மீன் வெடிப்பு) நிகழ்ந்தது.

சிக்கல் தூரம்தான். கிட்டத்தட்ட 5.6 கோடி ஒளியாண்டு! சிறிய தொலைநோக்கியில் மங்கலான திட்டு மட்டுமே. கைகள் தெரிய, இருண்ட வானமும் பெரிய ஆடி கொண்ட தொலைநோக்கியும் வேண்டும்.

ஹைட்ரா விண்மீன் குழுவில் உள்ள 83 அப்படியில்லை. தூரம் சுமார் 1.5 கோடி ஒளியாண்டுதான், பைனாகுலரிலேயே அகப்படும். 1752-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் லக்காய் கண்டது இதைத்தான். பட்டை அவ்வளவு எடுப்பாக இருக்காது, சரி. ஆனால் 1923 முதல் ஆறு சூப்பர்நோவாக்கள்!

புதியவர்கள் ஏப்ரல், மே இரவுகளில் 83-இல் தொடங்கலாம். 1365-க்கு டிசம்பர் வரட்டும்.