டிராக்டர் டியூப்: ஒட்டுவதா, மாற்றுவதா, சீலன்ட் ஊற்றுவதா?

சீமைக்கருவேலம் மண்டிய பக்கம் டிராக்டர் வைத்திருப்பவருக்குப் பஞ்சர் புதிதில்லை. ஆனால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறோமே, காசு அங்கேதான் போகிறது. டியூப் ஒட்டும் கூலியை வைத்து முடிவு செய்யக் கூடாது. கழற்றி மாட்டும் கூலியை வைத்துத்தான் செய்ய வேண்டும். 6.00-16 முன் டயரை ஒரே ஆள் இரண்டு லீவர் போட்டுப் பிரித்துவிடலாம். 13.6-28 பின் டயர் அப்படியில்லை. பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் நூறு லிட்டருக்கு மேல் வடித்தாக வேண்டும். ஜாக்கி, கட்டை, கூட ஒரு ஆள் என்று அன்றைய வேலை கெட்டுவிடும்.

அதனால் காற்று இறங்கியதும் ஜாக்கியைத் தேடாமல் முதலில் மவுத்தை, அதாவது காற்றடிக்கும் வால்வைப் பாருங்கள். மவுத் மேலே வரும்படி சக்கரத்தை உருட்டி நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றி வாய் மேல் எச்சிலையோ சோப்பு நுரையையோ தொட்டு வையுங்கள். குமிழ் கிளம்பினால் கசிவது மவுத்துக்குள் திருகியிருக்கும் ஊசி போன்ற 'பின்'. அதை இறுக்கினாலோ மாற்றினாலோ வேலை முடிந்தது, டயரைத் தொடவே வேண்டாம். மூடி தொலைந்த மவுத்தில் சேறு போய்ப் பின் அடைபடுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். உள்ளே ரப்பர் வளையம் உள்ள நல்ல மூடி காற்றையும் ஓரளவு பிடித்து வைக்கும். அதற்குக் கணக்குப் பார்ப்பது வீண்.

மவுத்தே உடைந்திருந்தால் முன் டியூப்புக்கும் பின் டியூப்புக்கும் கதை வேறு. பின் டியூப்பில் பெரும்பாலும் வருவது காற்றும் தண்ணீரும் போகும் டிஆர் 218ஏ மவுத். அந்த 'பின்' உட்காரும் மேல் துண்டு இதில் தனியாகக் கழன்று வரும். தண்ணீர் நிரப்பும்போது வழி பெரிதாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. கிளையோ வரப்போ இடித்து அந்தத் துண்டு மட்டும் முறிந்திருந்தால் புதுத் துண்டைத் திருகினால் போதும். இது தெரியாமல் டியூப்பையே மாற்றியவர்கள் நிறைய. முன் டியூப்பில் வரும் டிஆர் 15 ரப்பர் போர்த்திய ஒரே தண்டு. அது அறுந்தால் மாற்ற ஒன்றுமில்லை, புது டியூப்தான். வாங்கும்போது மவுத் அளவையும் பார்த்து வாங்குங்கள். டிஆர் 15-க்கான 16 மில்லிமீட்டர் துளையில் அதைவிட ஒல்லியான டிஆர் 13 மவுத்தை, இடைவெளியை அடைக்கும் புஷ் இல்லாமல் விட்டால், அது ஆடி ஆடி ரிம் விளிம்பிலேயே அறுபடும்.

பின் டியூப்பில் மவுத் அடியோடு பிய்ந்திருந்தால்தான் உண்மையான குழப்பம். "டியூப் நல்லாத்தான் இருக்குண்ணே, மவுத்த மட்டும் மாத்திடலாம்" என்பார் பஞ்சர் கடைக்காரர். பழைய டியூப்பிலிருந்து மவுத்தை வட்டமாக வெட்டியெடுத்து, சூட்டில் வல்கனைஸ் செய்து வேறு இடத்தில் ஒட்டுவார்கள். கை தேர்ந்தவர் செய்தால் நிற்கும். டியூப் ஓரிரு வருடப் பழசு, வேறு ஒட்டு இல்லை என்றால் செய்யலாம். ஏற்கெனவே ஒட்டு விழுந்த டியூப் என்றால் நான் புதிதுதான் போடுவேன். மவுத் ஒட்டு விட்டுப்போனால் மறுபடியும் அதே தண்ணீர், அதே ஜாக்கி.

எதைச் செய்தாலும் மவுத் ஏன் பிய்ந்தது என்று பார்க்காவிட்டால் புதிதும் பிய்யும். காற்று குறைந்த பின் டயர், உழவு இழுவையில் ரிம் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். டயரோடு டியூப்பும் நகரும். மவுத் மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு சாயும், பிறகு அடியில் கிழியும். மவுத் நேராக நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதுதான் எச்சரிக்கை. அன்றே காற்றை இறக்கி, டயரைத் தளர்த்தி நேராக்கிவிடலாம். உழவின்போது பின் சக்கரத்தில் 12 முதல் 14 பவுண்டு காற்று என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள்.

இனி முள் குத்திய டியூப். சொல்யூஷன் தடவி ஒட்டும் பச்சை ஒட்டை வயலிலேயே போட்டுவிடலாம், மலிவும்கூட. ஆனால் உப்புத்தாள் போட்டு நன்றாக ராவி, சொல்யூஷன் காயும் வரை பொறுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப்பில் ஈரம் துளி இருந்தாலும் பிடிக்காது. வெயிலில் ரோட்டில் பாரம் இழுத்தால் ஓரம் கிளம்பும். சூட்டு ஒட்டில் அந்தப் பயமில்லை, ரப்பர் வெந்து டியூப்போடு ஒன்றாகிவிடும். கடைக்குப் போக வேண்டும் என்பதுதான் அதில் உள்ள குறை. முன் சக்கரத்துக்குப் பச்சை ஒட்டு போதும், விட்டுப்போனாலும் பிரிப்பது சுலபம். பின் சக்கரத்தை அவ்வளவு பாடுபட்டுப் பிரித்துவிட்டுப் பச்சை ஒட்டு போடுவது எனக்கு ஒப்பாது. முள் பட்ட துளை என்றால் சூட்டு ஒட்டு. மடிப்பில் வெடித்திருந்தாலோ, மவுத் பக்கம் கிழிந்திருந்தாலோ புது டியூப். புது டயருக்குள் விரிந்துபோன பழைய டியூப்பைத் திணிக்க வேண்டாம், மடிந்து அந்த மடிப்பிலேயே வெடிக்கும்.

ஒட்டிய டியூப் அடுத்த நாளே அதே இடத்தில் இறங்கினால் பழி பஞ்சர் கடைக்காரர் மேல் விழும். பெரும்பாலும் குற்றவாளி முள்ளின் முனை. கருவேல முள் டயருக்குள் முறிந்து, நுனி மட்டும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய வேட்டித் துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்றுத் தேய்த்து வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி நூல் இழுத்துக்கொண்டு நிற்கும். துவரைக் கட்டை, சோளத்தட்டை குத்திய டயருக்கும் இதே சோதனைதான்.

டியூப்புக்குள் ஊற்றும் பசைத் திரவமான சீலன்ட், பவர் டில்லரின் 6.00-12 சக்கரத்துக்கும் சின்ன வண்டிகளுக்கும் ஏற்றது. சிறு முள் துளைகளைத் தானே அடைக்கும், அறுப்பு நேரத்தில் வேலை நிற்காது. டிராக்டர் பின் சக்கரத்துக்கு லிட்டர் கணக்கில் ஊற்ற வேண்டும், தண்ணீர் இருந்தால் நீர்த்துப்போகும். டயரின் பக்கவாட்டுக் கிழிசலையும் மவுத் கிழிசலையும் அது அடைக்காது. ஒருமுறை ஊற்றிய டியூப்பைப் பிறகு ஒட்டுவதும் தொல்லை, துளை ஓரமெல்லாம் வழவழப்பு.

டியூப்லெஸ்ஸில் பிய்வதற்கு டியூப்பே இல்லை. வால்வு ரிம்மோடு இறுகியிருப்பதால் டயர் நழுவினாலும் தப்பிக்கும். முள் துளையை வெளியிலிருந்தே அடைக்கலாம். புது வண்டிக்கு, ரிம் அதற்கென்றே வந்திருந்தால் தாராளமாகப் போகலாம். வருடக்கணக்கில் தண்ணீர் நின்று துருவேறிய பழைய ரிம்மை டியூப்லெஸ் ஆக்குவதில் பயனில்லை, துரு வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும்.

டிப்பருக்குப் பழைய லாரி டயர் போட்டிருந்தால் அதில் டயரைத் தனி இரும்பு வளையம் பிடித்திருக்கும் லாக் ரிங் ரிம் இருக்கலாம். அதை வயலில் பிரிக்கவே கூடாது. ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் தெறித்து ஆளையே கொல்லும். மவுத்தின் பின்னைக் கழற்றிக் காற்று முழுவதும் போன பிறகே சக்கர நட்டில் ஸ்பானர் வையுங்கள். காற்று பிடிக்கும்போது கூண்டு வைத்திருக்கும் கடையாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.