கையடக்க எஸ்எஃப்6 கசிவு காட்டும் கருவி: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

துணைமின் நிலையப் பராமரிப்பில் இருக்கிறேன். எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு) என்ற காப்பு வாயு நிரப்பிய ஒரு பிரேக்கர், அதாவது மின்சுற்றைத் துண்டிக்கும் சாதனம். உள்ளிருக்கும் வாயுவின் அடர்த்தியைக் காட்டும் அதன் அடர்த்திமானி முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. வெயில், குளிரால் வரும் அழுத்த மாற்றத்தை அந்த மானி ஈடுகட்டிவிடும். ஆக, முள் இறங்கினால் வாயு போகிறது என்று பொருள். எங்கே போகிறது என்பதை முள் சொல்லாது.

சோப்பு நுரை பூசிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இந்த அகச்சிவப்புக் கருவியை எடுத்தேன். எஸ்எஃப்6 காற்றைவிடச் சுமார் ஐந்து மடங்கு கனம். அதனால் ஒவ்வொரு ஃபிளாஞ்சின் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) அடிப்பக்கமாகக் கருவியின் முனையை நகர்த்தினேன். மூன்றாவதில், ஒரு போல்ட்டுக்குக் கீழே எண் ஏறியது. முனையை ஒரு விரற்கடை தள்ளினால் இறங்கியது, திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி ஏறியது. மின்சாரத்தை நிறுத்தி, வாயுவை மீட்டெடுத்த பின் பிரித்தோம். இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகிக் கிடந்தது.

முன்பிருந்த கொரோனா வகைக் கருவி (முனையில் மின்னிறக்கம் உண்டாக்கி வாயுவை உணர்வது), துடைக்கும் கரைப்பானின் ஆவிக்கும் கத்தும். இது கத்துவதில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

குறை என்றால் காற்றுதான். திறந்தவெளி யார்டில் லேசாக வீசினாலே எண் தடுமாறுகிறது. காற்று அடங்கிய விடியற்காலையில்தான் வேலை நடக்கிறது. சூடேறவும் சில நிமிடம் எடுக்கிறது. சரி, பொறுத்துக்கொள்ளலாம். இந்த வாயு ஒரு கிலோ கசிந்தால், புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 23,500 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். தயங்காமல் வாங்குங்கள்.