முதல் கைத்துப்பாக்கி: குட்டி ரிவால்வரா, நடுத்தரப் பிஸ்டலா?

முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் பலர், "இருப்பதிலேயே சின்னது எது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உடைக்குள் தெரியாமல் எடுத்துப் போக வேண்டுமே, கேள்வி நியாயம்தான். ஆனால் சுடப் பழகுவதற்கு மிகவும் கஷ்டமானதும் அந்தச் சின்னதுதான். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற குட்டி ரிவால்வரையும் கிளாக் 19 பிஸ்டலையும் எடுத்துக்கொள்வோம். 642-இல் ஐந்து தோட்டா, எடை 400 கிராம் சொச்சம். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் வெளியே எடுக்கும்போது துணியில் மாட்டாது. 1988-இல் வந்த கிளாக் 19-இல் 15 தோட்டா. தோட்டா இல்லாமலே சுமார் 600 கிராம்.

அந்த 200 கிராமில்தான் விஷயமே இருக்கிறது. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். நான் சுடுதளத்துக்குக் கூட்டிப்போன ஒருவர் குட்டி ரிவால்வரில் ஐந்து குண்டு சுட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்துவிட்டது. நான்காவது குண்டிலேயே, விசையை இழுக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டார். "போதும்" என்று கீழே வைத்தவரை மறுபடி சுட வைக்கவே சிரமப்பட்டேன். அந்த ரிவால்வரின் விசைக்குச் சுமார் 5 கிலோ அழுத்தம் வேண்டும், கிளாக்குக்கு அதில் பாதி போதும். இழுக்கிற இழுப்பில் குறி விலகிவிடுகிறது.

ரிவால்வருக்கும் நல்ல குணங்கள் உண்டு. தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் போல, மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கும் வேலையும் கிடையாது. கையில் பலம் குறைந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அவர்களுக்காகவே ஸ்லைடு இலகுவாக வரும் ஷீல்டு ஈஸி 380 என்ற பிஸ்டல் இருக்கிறது. நான் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

பிஸ்டலில் புதியவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஆனால் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடமான சேம்பரில் ஒன்று இன்னும் இருக்கலாம். ஸ்லைடை இழுத்தால் அது மேசையில் துள்ளி விழும். அதைப் பார்த்தவர் முகம் வெளிறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றுவதற்கு விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அதனால் முதலில் மேகசினை எடுங்கள், அப்புறம் ஸ்லைடை இழுத்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். கிளாக் 19-இல் தனியாகப் பாதுகாப்புப் பொத்தானும் வராது. விசையை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இல்லாமல் அதை இடுப்பில் செருகவே கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே 2018-இல் வந்த சிக் சாவர் பி365 இருக்கிறது. சுமார் 500 கிராம், பத்துத் தோட்டா. மறைத்துக் கொண்டுபோக அருமையானது. ஆனாலும் இரண்டாவது துப்பாக்கியாக வாங்குங்கள்.

முதலாவதாக என் தேர்வு கிளாக் 19 அளவிலான பிஸ்டல்தான். உரிமமும் பூட்டுப்பெட்டியும் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். இன்னும் தயக்கம் என்றால், பயிற்சியாளரோடு சுடுதளத்துக்குப் போய் குட்டி ரிவால்வர், கிளாக் 19 இரண்டிலும் ஐம்பது ஐம்பது குண்டு சுட்டு, கடைசி ஐந்து எங்கே விழுந்தன என்று பாருங்கள்.