‘மேட் இன் ஜப்பான்’: பழைய மிக்ஸா, பெரிய பெட்டியா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு டீப் பர்ப்பிளின் இந்த நேரலை ஆல்பம் திரும்பத் திரும்ப மறுவெளியீடு கண்டுவிட்டது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1998-இல் வந்த இரட்டை சிடியை வாங்குங்கள். பல சிடிகள் அடங்கிய பெட்டித் தொகுப்புகள் அப்புறம்.

மூலப் பதிவு எல்லாவற்றுக்கும் ஒன்றே. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ புடோகான். மூன்று இரவையும் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் 8 டிராக் டேப்பில், அதாவது குரலையும் கருவிகளையும் எட்டுத் தடங்களில் பிரித்து, பிடித்தார். அதிலிருந்து ஏழு பாட்டுகள் ஆல்பத்துக்குப் போயின. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ முதல் இரவு, ‘தி மியூல்’, ‘லேஸி’ இரண்டும் டோக்கியோ, மற்ற நான்கும் 16-ஆம் தேதி வாசித்தவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ரீமாஸ்டரா, ரீமிக்ஸா என்பதைத்தான். ரீமாஸ்டர் என்றால் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ரோஜர் குளோவரும் டிரம்மர் இயன் பெய்ஸும் அன்று முடித்துக் கொடுத்த அதே மிக்ஸ், அதாவது தடங்களைக் கலந்த அதே கலவை. சத்த அளவும் தொனியும் மட்டும் மாறும். ரீமிக்ஸ் என்றால் எட்டு டிராக்கையும் பிரித்து, எது முன்னால், எது பின்னால், எது எந்தப் பக்கம் என்று புதிதாக முடிவெடுப்பது. 1998 பதிப்பு முதல் வகை. 2014 பெட்டியின் மூன்று கச்சேரிகளும், 2025-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்ததும் இரண்டாம் வகை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பழைய மிக்ஸில் ஜான் லார்டின் ஆர்கன் இடது, ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் வலது. லார்ட் தன் ஹம்மண்ட் ஆர்கனை, கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப் வழியாக உறுமவிட்டவர். இரண்டும் நடுவில் குவிந்தால் எது கிட்டார், எது ஆர்கன் என்றே தெரியாமல் போகும். ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ பாட்டில் பிளாக்மோர் ஒரு துணுக்கு வாசிக்க, பாடகர் இயன் கில்லன் அதைத் தொண்டையால் திருப்பிச் சொல்வார். கேள்வி வலப்பக்கமிருந்து வர, பதில் நடுவிலிருந்து பாயும். அந்த இடைவெளிதான் அந்தப் பாட்டின் உயிர்.

ஒப்பிட்டுக் கேட்பவர்கள் முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்ல மிக்ஸ் என்று காது ஏமாந்துவிடும். ‘சைல்ட் இன் டைம்’ தொடக்கத்து மெல்லிய ஆர்கனை வைத்து இரண்டு பதிப்பின் வால்யூமையும் ஒன்றாக்கிவிட்டு, பிறகு பாட்டுக்குள் போகலாம்.

பழைய எல்பி (வினைல் இசைத்தட்டு) தேடுபவர்களுக்கும் அந்தப் பாட்டே சோதனை. முதல் பக்கத்தில் இரண்டாவதாக வருவதால் கில்லனின் கடைசி அலறல்கள் லேபிளை ஒட்டிய உட்பள்ளங்களில் விழுகின்றன. அங்கே சுற்றளவு குறைவு. அதே 33⅓ சுழற்சியில் ஊசிக்கடியில் ஓடும் நீளமும் குறையும், அலைகள் நெருங்கிவிடும். தேய்ந்த ஊசியில் ஓட்டப்பட்ட தட்டு என்றால் அலறல் கிழிந்து கரகரக்கும். கழுவினாலும் போகாது. மெல்லிய தொடக்கத்தில் வரும் படபடப்பு வேறு. அது தூசியாக இருந்தால் கழுவிச் சரிசெய்யலாம்.

பெட்டி யாருக்கு? ‘லேஸி’யின் முன்னுரையை மூன்று இரவும் எப்படி மாற்றி வாசித்தார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு. அவர்களுக்கு அது பொக்கிஷம்தான். 1993-இன் மூன்று சிடி தொகுப்பு முழுமையானதல்ல. 2014 பெட்டி அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் ஒரு சிடியில் ஏறக்குறைய 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் என்கோர் பாட்டுகள் (கச்சேரி முடிந்தபின் ரசிகர்களுக்காக மீண்டும் வந்து வாசிப்பவை) நான்காவது தட்டுக்குத் தள்ளப்பட்டன. ஒரு இரவை முழுதாகக் கேட்க எழுந்துபோய்த் தட்டு மாற்ற வேண்டும்.

2025 பதிப்பின் அட்மாஸ் மிக்ஸை (சுற்றிலுமிருந்து ஒலி வரும்படி செய்த மிக்ஸ்) இங்கே எடைபோடவில்லை. அதைப் பல ஒலிபெருக்கிகள் பொருத்திய அறையில்தான் மதிப்பிட வேண்டும். ஹெட்போனை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமல்ல.

1998 பதிப்பில் ஏழு பாட்டும் முதல் தட்டில், சுமார் 76 நிமிடம். ‘பிளாக் நைட்’, ‘ஸ்பீட் கிங்’, ‘லூசில்’ மூன்று என்கோரும் இரண்டாவதில். பயன்படுத்திய பிரதி வாங்கினால் அந்த இரண்டாவது தட்டு உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.