பந்தய டயர் வாங்கும் டர்பன்வாசிகள் கவனத்துக்கு: 31,800 ராண்டு கொடுத்து 2016-ஆம் ஆண்டு ரப்பரை வாங்கி வந்தேன்

கடந்த சனிக்கிழமை காலை, போர்ட் ஷெப்ஸ்டன் அருகிலுள்ள டெஸி பந்தயத் தடத்தில், நான்காவது சுற்றில் என் காரின் பின்புறம் பிடி விட்டுச் சுழன்று, தடத்தை விட்டு இறங்கிப் புல்லில் போய் நின்றது. பக்கத்து இருக்கையில் என் தங்கை மகன் இருந்தான். இருவருக்கும் காயமில்லை, காருக்கும் பெரிய சேதமில்லை. அந்தக் காரில் இருந்த நான்கு டயர்களும் பதினோரு நாள்களுக்கு முன்னர், புத்தம் புதியவை என்ற உறுதிமொழியோடு, 31,800 ராண்டுக்கு எனக்கு விற்கப்பட்டவை. அவற்றுள் பின்சக்கரங்களில் இருந்த இரண்டும் 2016-இல் தயாரானவை என்பது அன்று மதியம்தான் எனக்குத் தெரிய வந்தது.

கடையின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் முறைப்படி புகார் கொடுத்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான டயர்களை மட்டும் வரவழைத்து விற்பதாக விளம்பரம் செய்யும் சிறிய கடை அது என்று மட்டும் சொல்கிறேன். டயரைத் தயாரித்த நிறுவனத்தின் மீதும் எனக்குக் குறை இல்லை. சாலைக்கும் தடத்துக்கும் ஏற்ற டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். அதையும் எழுதுவதாக இருந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன்.

என்னுடையது பழைய பி.எம்.டபிள்யூ எம்3, ஈ46 வகை. டயர் அளவு முன்னே 225/45, பின்னே 255/40, இரண்டும் 18 அங்குல ரிம். வார நாள்களில் வேலைக்கும் அதே காரில்தான் போகிறேன் என்பதால், சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் செமி-ஸ்லிக் வகை ஒன்றை, அதாவது பள்ளங்கள் குறைந்த பந்தய வகை டயரை, தேடினேன். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் தேய்மான எண் குறையக் குறைய ரப்பர் மென்மையானது, பிடி அதிகம், ஆயுள் குறைவு என்று பொதுவாகக் கொள்ளலாம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு அந்த எண் 300, அதே நிறுவனத்தின் கப் 2 டயருக்கு 180, டோயோ ஆர்888ஆர் டயருக்கு 100. அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்து இடுகிறார் என்பதால் இரண்டு நிறுவனங்களின் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன். தெரிந்தவனைக்கூட ஏமாற்ற முடிகிறது என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

டர்பனில் கடைக்காரர் ஒருவர் தமிழில் பேசுவது அன்றாடம் நடப்பதன்று. எங்கள் தலைமுறையில் பெரும்பாலோரின் தமிழ் கோயிலில் தேவாரம் பாடுவதோடு நின்றுவிட்டது. அந்தக் கடைக்காரரோ என் பெயரைக் கேட்டதும், "தமிழ் பேசுவீங்களா, தம்பி?" என்று முகம் மலர்ந்தார். மேசைக்குப் பின்னே முருகன் படம், அதன் கீழே விபூதித் தட்டு. என் தாத்தா டோங்காட் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றதும், தம்முடைய பாட்டியும் அந்தப் பக்கம்தான் என்றார். தைப்பூசத்துக்கு எந்தக் கோயிலில் காவடி எடுக்கிறேன் என்று விசாரித்தார். கால் மணி நேரத்துக்குள் நான் அவரை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

பிறகு அடுக்கிலிருந்து ஒரு டயரை உருட்டி வந்து, பக்கச்சுவரைக் கட்டைவிரலால் துடைத்து, நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1124. "2024-ஆம் வருஷம், பதினோராவது வாரம். நம்ம ஆளுக்கு நான் பழசைக் கொடுப்பேனா?" என்றார். நான் அந்த ஒரு டயரை மட்டுமே பார்த்தேன். மற்ற மூன்றையும் உருட்டிக் காட்டச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலை 31,800 ராண்டு.

பின்சக்கர டயர்களில் ரப்பர் முடிகள் இல்லாததை நான் கவனிக்காமல் இல்லை. அச்சிலிருந்து எடுத்த புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் துருத்திக்கொண்டிருக்கும். கேட்டதற்கு, தடத்தில் ஓட்டுவோருக்காகப் பட்டனை, அதாவது சாலையைத் தொடும் மேல்பட்டை ரப்பரை, கொஞ்சம் சீவித் தருவது தங்கள் கடையின் வழக்கம் என்றார். பட்டன் உயரமாக இருந்தால் தடத்தின் சூட்டில் அது வளைந்து நெளிந்து சூடேறிவிடும் என்பதால் பந்தயக்காரர்கள் சீவுவது உண்மைதான். உண்மையான ஒரு வழக்கத்தைக் கொண்டே பொய்யை மூடியிருக்கிறார். கறுப்புப் பளபளப்பு மருந்து வேறு தாராளமாகப் பூசியிருந்தார்கள். நான்கையும் மாட்டி, பேலன்சிங் செய்து முடிக்கும் வரை தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். பணத்தை அங்கேயே கைபேசியில் வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினேன். "செமி-ஸ்லிக் 4" என்று மட்டும் எழுதிய ரசீது கிடைத்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் என்2 நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது ஸ்காட்பர்க் அருகே தூறல் பிடித்தது. காரின் பின்புறம் இரண்டு முறை மெல்ல அசைந்தது. செமி-ஸ்லிக் டயரில் நீர் வெளியேறும் பள்ளங்கள் குறைவு, ஈரச் சாலையில் பிடி குறையும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், இது அதுதான் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். தடம் உலர்ந்தே இருந்தது. முதல் மூன்று சுற்றுகளும் சூடேற்றுவதற்காக மெதுவாகத்தான் ஓட்டினேன். நான்காவது சுற்றில், வலப்பக்க வளைவில் முன்சக்கரங்கள் நன்றாகப் பிடித்துத் திரும்பின. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் பின்சக்கரங்கள் பனிக்கட்டியில் நிற்பவைபோல் விலகின. முன்னே புது ரப்பரும் பின்னே இறுகிப்போன ரப்பரும் இருந்தால் இப்படித்தான் நடக்கும், எவ்வளவு பழகிய கையும் அதைப் பிடித்து நிறுத்துவது அரிது.

நிறுத்துமிடத்தில், பல ஆண்டுகளாகப் பந்தயக் கார்களைப் பார்த்து வரும் பெரியவர் ஒருவர் தம் கடினமானியை ரப்பரில் குத்திப் பார்த்தார். முன் டயரில் 62, பின் டயரில் 81; எண் கூடினால் ரப்பர் இறுகியிருக்கிறது என்று பொருள். ஒன்றும் பேசாமல் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, சக்கரத்தை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டார். உள்பக்கச் சுவரில் பளபளப்பு மருந்துக்கு அடியில் நூலிழை போன்ற வெடிப்புகள் வட்டமாக ஓடின. ரிம்மைக் கவ்வும் விளிம்பில், முன்பே ஒருமுறை மாட்டிக் கழற்றியதன் சிராய்ப்பு. அதற்கு மேலே நான்கு இலக்கங்கள்: 2216. 2016-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். இரண்டிலும் அதே எண்.

தயாரிப்பு வாரத்தைச் சொல்லும் முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருந்தால் போதும் என்பது விதி. வெளிப்பக்கம், உள்பக்கம் என்று பிரித்து அச்சிட்ட டயர்களை மாற்றி மாட்டவும் முடியாது. ஆகவே குறியீடு உள்பக்கம் போனால் மாட்டிய பிறகு அது வாங்கியவன் கண்ணில் படவே படாது. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியேறிவிடும். தடத்தில் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் ரப்பர் மேலும் இறுகும். பட்டன் ஐந்து மில்லிமீட்டர் இருந்தும் அது செத்த டயர்தான். இந்நாட்டுச் சட்டம் கேட்பது ஒரு மில்லிமீட்டர் பட்டன் மட்டுமே என்பதால், போலீஸ்காரர் நிறுத்திப் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்தேன். முதலாளி ஜோகன்னஸ்பர்க் போயிருப்பதாகப் பையன் சொன்னான். பின்னால் அதே முதலாளியின் குரல் எனக்குக் கேட்டது. செவ்வாய்க்கிழமை வாட்சப்பில் படங்களை அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. புதன்கிழமை நேரில் போனேன். குளிரூட்டிய கிடங்கில் வைத்த டயருக்கு வயதே கிடையாது என்றார். ஏற்கெனவே மாட்டிக் கழற்றிய சிராய்ப்பு எப்படி வந்தது என்று கேட்டதும், தடத்தில் ஓட்டியதால் உத்தரவாதம் போய்விட்டது என்றார். நான் உத்தரவாதம் கேட்கவில்லை, புதிது என்று சொல்லிப் பழையதை விற்றதைக் கேட்கிறேன் என்றேன். ரசீதில் வாரம் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அந்த உரையாடல் முழுவதிலும் அவர் ஒரு சொல்கூடத் தமிழில் பேசவில்லை, தம்பி என்றவர் மிஸ்டர் என்றே அழைத்தார். வியாழக்கிழமை, நான்கையும் திருப்பிக் கொடுத்தால் நாலாயிரம் ராண்டு தருவதாகச் செய்தி வந்தது. 31,800 ராண்டுக்கு நாலாயிரம்! மறுத்து எழுதினேன். அன்று மாலை என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு பொய்யான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. 56-ஆவது பிரிவின்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தையே கேட்கலாம். அவ்விரண்டையும் காட்டி, கடைக்கு எழுத்துமூலம் கடிதம் அனுப்பிவிட்டு, வாகனத் தொழில் குறைதீர்ப்பாளரிடம் இன்று புகாரைப் பதிவு செய்தேன். சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பு 2019-இல் 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்புக்குள் வழக்குப் போட வேண்டுமானால் மீதி 11,800 ராண்டை நானே விட்டுக்கொடுக்க வேண்டும். அதை இன்னும் முடிவு செய்யவில்லை.

டயர் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக எழுத இப்போது மனமில்லை. அவசரமாகச் சில மட்டும். மாட்டுவதற்கு முன்பே நான்கு டயர்களின் இரண்டு பக்கங்களையும் நீங்களே திருப்பிப் பார்த்துப் படம் எடுங்கள். நான்கு வார எண்களையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கிப் பரிமாற்றம் வேண்டாம், அட்டையில் கட்டினால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். மழையில் தடத்துக்கு ஓட்டிப் போகிறவர்கள் நூறு என்ற தேய்மான எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம். குளிர்ந்த டயரில் காற்றைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள், பத்து பாகை செல்சியஸ் சூடு ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் கூடும்.

எந்தக் கடை என்று ஊகித்திருந்தால் அந்தக் கடையிலோ, அதைப் போன்ற வேறு கடையிலோ அண்மையில் டயர் மாட்டியவர்கள் இருந்தால், கைபேசியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி உள்பக்கச் சுவரை இன்றிரவே படம் எடுத்துப் பாருங்கள். நாளை மழை என்கிறார்கள்.