வெயிலா, கரியா? சாயத் தண்ணீரைத் தெளியவைக்கும் இரண்டு வழிகள்

எங்கள் பீலியில் மழை மாதங்களில் விழும் தண்ணீருக்குத் தேயிலை போடத் தேவையில்லை. சாயம் இறங்கியே வரும். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே காட்டில் மக்கும் இலையும் பட்டையும் வேரும் விட்ட கரைந்த சேதனப் பொருள்தான் அது. துணியில் வடித்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. குளோரின் போட்டால் கிருமியைத் தொடுமுன் இந்தச் சாயமே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இரண்டும் சேரும்போது குளோரோபோம் போன்ற உடலுக்கு ஆகாத பொருட்கள் உண்டாவதை ரொட்டர்டாமில் யொஹான்னஸ் ரூக் 1974இலேயே காட்டிவிட்டார். ஆகவே குளோரினுக்கு முன் சாயத்தைக் குறைக்க வேண்டும். திறந்த சீமெந்துத் தொட்டியில் வெயிலுக்கு விடுவது ஒரு வழி, பீப்பாயில் மணலும் கரியும் நிரப்பி வடிப்பது மற்றது. இரண்டையும் செய்து பார்த்தேன். இப்போது கரியின் பக்கம் நிற்கிறேன்.

செலவில் வெயிலுக்கே வெற்றி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வெயில் வேலை செய்யாது என்று யாரும் சொல்ல முடியாது. நவம்பர் மழையில் பிடித்து இருட்டில் வைத்திருந்த சாயத் தண்ணீரை பெப்ரவரியில் இரண்டு போத்தல்களில் ஊற்றித் தகரக் கூரையில் வைத்தேன். ஒன்றைக் கறுப்புத் துணியால் சுற்றினேன். பன்னிரண்டு நாளில் வெயில்பட்ட போத்தல் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்தது. சுற்றிய போத்தலில் மாற்றமே இல்லை. கழியூதாக் கதிரையும் நீல ஒளியையும் உறிஞ்சும் மூலக்கூறுகள் அந்த ஒளியாலேயே உடைகின்றன. கூடவே நீரிலுள்ள ஒட்சிசன் கிளர்ந்து, அகப்பட்டதையெல்லாம் தாக்கும் வடிவங்களாகிறது. இரும்பு கலந்திருந்தால் வேகம் இன்னும் கூடும். அலாஸ்காவின் ஓடைகளிலும் ஏரிகளிலும் கரைந்த காபன் சிதைவதில் 70 முதல் 95 சதவீதம் வரை வெயிலின் வேலை என்று 2014இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது.

ஆனால் வெளுப்பது வேறு, ஒழிவது வேறு. காபனில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகப் பறக்கிறது. மீதியில் பெரும்பங்கு நிறமில்லாத துண்டுகளாக நீரிலேயே கிடக்கிறது. அசற்றிக், போமிக் அமிலம் போன்ற சிறு துண்டுகள் பற்றீரியாவுக்குச் சாப்பாடு. தொட்டிச் சுவரில் வந்த வழுக்கலுக்கு அந்தச் சாப்பாடும் காரணம், மேலே திறந்துகிடந்ததால் வளர்ந்த பாசியும் காரணம்.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது காலக் கணக்குதான். சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசன் நடக்கும் மாதங்களில், டிசம்பர் முதல் மே மாத வெசாக் வரை, எங்கள் பக்கம் வானம் திறந்திருக்கும். அப்போது ஓடையும் கண்ணாடிபோல ஓடும், வெளுக்க ஒன்றுமில்லை. சீசன் முடிந்ததும் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. காட்டுத் தரையில் ஊறிக் கிடந்ததையெல்லாம் மழை ஒரே மூச்சில் ஓடைக்குத் தள்ளுகிறது. சாயம் கடுக்கும் அதே வாரத்தில் மூடுபனி கூரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் அதே போத்தல் சோதனையைத் திரும்பச் செய்தேன். பன்னிரண்டாம் நாள் இரண்டு போத்தலுக்கும் வித்தியாசம் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. போத்தலிலேயே இப்படி என்றால் தொட்டியில் கேட்கவே வேண்டாம். அது நாலடி ஆழம். சாயம் தனக்குத் தானே குடை பிடிப்பதால் கழியூதாக் கதிர் மேல்தட்டோடு நின்றுவிடுகிறது. அகலமாகவும் ஆழமில்லாமலும் கட்டியிருக்கலாமே என்றார் பக்கத்து லயத்து மாமா. கட்டலாம், இடம் எங்கே இருக்கிறது?

கரிக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். அடுப்புக் கரி போதாது. சிரட்டைக் கரியை நீராவியில் மேலும் சுட்டு நுண்துளைகளைப் பெருக்கியதை வாங்க வேண்டும். கடையில் அக்டிவேட்டட் காபன் என்று கேட்டால் தருவார்கள். கறுப்புத் தூசு போகும்வரை கழுவி, அடியில் சரளை, நடுவில் கரி, மேலே மணல் என்று நிரப்பினேன். குறையும் உண்டு. சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை, சாயத்தின் மூலக்கூறுகள் பெரியவை. ஆகவே கரி சீக்கிரம் அலுத்துப்போகிறது. முதல் வருடம் ஆடி பிறக்கும் முன்பே மாற்ற வேண்டியதாயிற்று. அலுத்ததைக் காட்டிக்கொடுப்பது வெள்ளைப் பீங்கான் கோப்பைதான். ஞாயிறுதோறும் வடித்த நீரை அதில் ஊற்றிப் பார்ப்பேன். மஞ்சள் தட்டினால் கரிக்குப் பணம் தேட வேண்டும். நான் பார்த்தது இரண்டு பருவமழைகள் மட்டுமே, வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதுமா என்று அடித்துச் சொல்லமாட்டேன். குடிப்பதற்கு இன்றும் கொதிக்கவைத்தே எடுக்கிறோம்.

தொட்டியை இடிக்கவில்லை. சீசன் மாதங்களில் அம்மா அதில் கம்பளி அலசுகிறார்.