200 எம்பிபிஎஸ் (Mbps) நெட் ஸ்பீடு என்று சொல்லி 7,080 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள், ஏமாறாதீர்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரியாவில் கேபிள் டிவியோடு நெட் கனெக்‌ஷனும் கொடுக்கிற ஒரு லோக்கல் நிறுவனம், பெயர் வேண்டாம். ஆறு மாதத்துக்கு 6,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 7,080 ரூபாய் முன்பணம். பில் கேட்டால் "வாட்ஸ்அப்ல வரும் சார்" என்றார்கள். வந்தபாடில்லை.

கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் அவ்வளவு மரியாதை. அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "நம்ம ஏரியா சார், ஒரு போன் போடுங்க, ஓடி வந்துடுவேன்" என்று சொல்லி, தன் போனிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினான். 94 வந்தது. 200 எங்கேப்பா என்றேன். "வைஃபைல இவ்ளோதான் சார், கேபிள் போட்டா 200 அடிக்கும்." அந்த ஒரு பேச்சில்தான் ஜிபே பண்ணினேன்.

பகலில் பரவாயில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் எட்டு, ஒன்பது எம்பிபிஎஸ், வீடியோ காலில் என் முகம் அப்படியே உறைந்து நிற்கும். போன் பண்ணினால் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அடுத்த தடவை, உங்க லேப்டாப் பழசு சார். அதற்கப்புறம் ஒருத்தர், "யூடியூப் ஓடுதுல்ல, வேற என்ன வேணும்?" என்கிறார். யூடியூப் ஓடும்தான், அதிகம் பேர் பார்க்கிற வீடியோக்களை கூகுளின் கேஷ் (cache) சர்வரில் நகலெடுத்து உள்ளூரிலேயே வைத்திருப்பார்கள். என் ஆபீஸ் சர்வர் அங்கேயா இருக்கிறது?

மாடி வீட்டு அக்கா வேறு கம்பெனி, 100 பிளான்தான், எந்நேரமும் 95க்குக் குறையாது. ஒரே தெரு, ஒரே நேரம். எப்படி என்று பார்த்தால், அவர் வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வருகிறது. அதுவும் பங்குதான், ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பகிர்கிற முறை) லைனில் 2.5 ஜிபிபிஎஸ்ஸை, அதாவது சுமார் 2,500 எம்பிபிஎஸ்ஸை, 32 வீடு, 64 வீடு என்று பிரிப்பார்கள், ஆனால் அந்தக் கம்பெனி மேலிருந்து எல்லோருக்கும் போதுமான அளவு பேண்ட்வித் (மொத்த நெட் கொள்ளளவு) வாங்கி வைத்திருக்கிறது போல. எனக்கு "ஃபைபர்" என்று விற்றது படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற தகரப் பெட்டியோடு நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன். கறுப்பு டேப் சுற்றிய நீல லேன் கேபிள்கள், நடுவில் தூசி படிந்த ஒரு குட்டி நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லைனைப் பல கேபிள்களுக்குப் பிரிக்கிற பெட்டி), அதன் மேலேயே 10/100 என்று அச்சடித்திருக்கிறது. அதாவது 100க்கு மேல் அதில் போகவே போகாது! அந்த 94க்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? கேபிள் போட்டாலும் அதே 94தான், லேப்டாப்பைச் சொருகியும் பார்த்துவிட்டேன். 200க்குப் பணம் வாங்கும்போதே கொடுக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் "ஓனர் வெளியூர்". பணத்தைத் திருப்பிக் கேட்டால் "அட்வான்ஸ் பிளானுக்கு ரீஃபண்ட் கிடையாது சார், ரூல்ஸ்". எந்த ரூல்ஸ்? 7,080 ரூபாய் சார், சும்மா வருமா?

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ஆறு மாதம் மொத்தமாகக் கட்டாதீர்கள், ஒரு மாதம் பாருங்கள். ஃபைபர் வீட்டுக்குள் வருகிறதா, பெட்டியோடு நிற்கிறதா என்று கேளுங்கள். ஸ்பீடு டெஸ்ட் ராத்திரி ஒன்பது மணிக்குப் போடுங்கள், அதுவும் அவர்கள் சர்வரில் இல்லாமல் மும்பையோ சிங்கப்பூரோ மாற்றிப் போட்டுப் பாருங்கள். புகார் சொன்னால் டாக்கெட் நம்பர் (புகார் எண்) கேட்டு வாங்குங்கள், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தனி ஆள் புகாரை எடுக்காது, முதலில் கம்பெனி, பிறகு அதன் அப்பீல்தான். நான் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915இல் பதிவு செய்திருக்கிறேன். 7,080இல் ஒரு ரூபாய் திரும்பி வந்தாலும் சொல்கிறேன்.